அப்பாவின் நகத்தில் தப்பான நிறம்

என்னோடு ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். வெளியாள் யாராவது படித்தால் படித்துவிட்டுப் போகட்டும். நமக்கெல்லாம் காதோரம் நரை தெரிய ஆரம்பித்துவிட்டது, பிள்ளைகள் நம்மைவிட உயரமாகிவிட்டார்கள். இனியும் சிலதைப் பூட்டி வைத்திருப்பதில் ஒரு லாபமும் இல்லை.

நான் சின்ன வயதிலிருந்தே ஒரு சந்தேகப் பிராணி. உங்களுக்கே தெரியும். டிபன் பாக்ஸைத் திறந்ததும் யார் விரல் வைத்தது என்று கேட்பேன். டீச்சர் லீவு போட்டால் உண்மையிலேயே காய்ச்சல்தானா என்று யோசிப்பேன். யாராவது காரணமில்லாமல் சிரித்தால் என் பாவாடையில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று திரும்பிப் பார்ப்பேன். எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது என்று அதன் பின்னாலேயே ஓடுகிறவள் என்று நீங்கள் கிண்டல் செய்வீர்கள். அந்தக் குணத்தோடு நான் ஏழாம் வகுப்பு படித்த வருடத்தில், ஈஸ்டருக்கு முந்தின லெந்து என்கிற தவக்கால நாட்களைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுக்குப் பின்னால் ஓடிய பள்ளம் ஞாபகம் இருக்கிறதா? மற்ற ஊர்க்காரர்கள் ஓடை என்பார்கள், நமக்கு அது பள்ளம். பல்லடத்திலிருந்து திருப்பூர் போகிற வழியில் நம் ஊருக்கு மேலே இருந்த ஒரே சாயப்பட்டறையின் தண்ணீர் அதில்தான் வரும். திங்கட்கிழமை நேவி, செவ்வாய் மெரூன், புதன் பாட்டில் கிரீன். இன்டர்வெல்லில் சுவரேறிப் பார்த்து, நாளைக்கு என்ன கலர் என்று புளியங்கொட்டை வைத்துப் பந்தயம் கட்டுவோம். நுரை பறந்து வந்து வெள்ளை யூனிபார்மில் ஒட்டும். சோடாவும் அழுகிய முட்டையும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம். அதுதான் நாற்றம் என்றே நமக்கு அப்போது தெரியாது. பள்ளிக்கூடம் என்றால் அப்படித்தான் வாசம் வரும் என்று நினைத்திருந்தோம்.

பந்தயத்தில் நான்தான் அடிக்கடி ஜெயிப்பேன். நீங்கள் என்மேல் சந்தேகப்பட்டீர்கள். அது நியாயமான சந்தேகம். என் அப்பா அந்தப் பட்டறையில்தான் கலர்ப் பொடியைத் தராசில் நிறுத்துப் போடுகிறவராக இருந்தார். நாளைக்கு எந்த லாட் துணி, என்ன ஷேடு என்பதெல்லாம் முந்தின நாள் சாயங்காலமே எனக்குத் தெரிந்துவிடும்.

அப்பாவுக்கு மூன்று விஷயங்கள்தான் உலகம். வீடு, கோயில், தூண்டில். கோயில் என்றால் சர்ச். கொங்குநாட்டுக் கிறிஸ்தவர்கள் நாங்கள் அதைக் கோயில் என்றே சொல்லிப் பழகியவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முதல் மணி அடிப்பது அவர். பாட்டு அட்டையில் எண்களைச் செருகுவதும் அவர்தான். சாப்பாட்டுக்கு முன்னால் அவர் செய்கிற ஜெபம் ஊரில் பிரசித்தம். மழைக்காக, மாட்டுக்காக, பக்கத்து வீட்டு ஓவர்லாக் டெய்லர் அக்காவின் முதுகுவலிக்காக, வடநாட்டிலிருந்து வந்து ஹெல்ப்பராக இருந்த பையன்களின் அம்மாக்களுக்காக என்று போய்க்கொண்டே இருக்கும்.

"ஏனுங்க, சோறு சில்லுனு போச்சுங்க. ஆமென் சொல்லுங்க" என்பார் அம்மா, கண்ணைத் திறக்காமலே.

தூண்டிலுக்கு நம் பக்கத்துக் குளம் ஒத்துவரவில்லை. ஒரு கோடையில் ஜிலேபி மீன்கள் வெள்ளை வயிற்றோடு மிதந்த பிறகு அப்பா அந்தப் பக்கமே போவதில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மொபெட்டில் என்னை முன்னால் நிற்கவைத்து, வெள்ளகோவில் பக்கத்துக் குளம் ஒன்றுக்குப் போவார். மூங்கில் கழி, மயில் இறகுத் தண்டில் செய்த தக்கை, பிசைந்த கோதுமை மாவு, பிஸ்கட் டப்பாவில் முட்களும் நைலான் நரம்பும். உட்கார்வதற்கு அப்பா பனியன் வேஸ்ட் அடைத்த ஒரு திண்டு வைத்திருந்தார். வெயிலில் அது கொதிக்கும். இரண்டு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அப்புறம் திரும்பி, "என்ன கண்ணு, பசிக்குதா?" என்பார், அவ்வளவுதான். இப்போது எந்தத் திண்டும் அப்படிச் சுடுவதில்லை.

அவர் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டறையில் கையுறை எல்லாம் கிடையாது. ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் சாயம் தங்கிவிடும். சாப்பிடும்போது அந்த விரல்களைப் பார்த்தே அன்றைய கலரைச் சொல்லிவிடுவேன். "இன்னிக்கு என்ன கலருங்கப்பா?" என்று கேட்பதும் வழக்கம். அவருக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும். "மெரூன்னு நெனைப்பே. அது வைன். மெரூன்ல ஒரு சொட்டு நீலம் கூடுனா வைன்" என்று ஆரம்பித்துவிடுவார்.

இப்போது அறிவியல் டீச்சருக்கு வருகிறேன். சுற்றுச்சூழல் மன்றம் ஆரம்பித்தாரே, அவரேதான். கண்காட்சிக்கு ஆளுக்கொரு சார்ட் செய்யச் சொன்னார். நீங்கள் எல்லோரும் மழைநீர்த் தொட்டியும் மரமும் வரைந்தீர்கள். நான் பள்ளத்து நிறத்தைத் தினமும் குறித்து வைத்தேன். இரண்டு மாதம், ஞாயிறு தவிர ஒரு நாள் விடாமல். வேறு யாராவது எழுதியிருந்தால் சிவப்பு, நீலம், பச்சை என்று எழுதியிருப்பார்கள். நான் சாயப்பட்டறைக்காரர் மகள். வைன், டீல், ராணி பிங்க் என்று அப்பா சாப்பிடும்போது சொன்ன பெயர்களை அப்படியே எழுதினேன். டீச்சர் படித்துவிட்டு, "உனக்கு மட்டும் எப்படிடி இத்தனை கலர் தெரியுது?" என்று ஆச்சரியப்பட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் பரிசு எனக்குத்தான் என்று நினைத்தேன். மழைநீர்த் தொட்டிக்குக் கொடுத்தார்கள். அதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று ஒரு வாரம் யாரோடும் பேசாமல் இருந்தேன். அதன் பிறகு அந்தச் சார்ட்டை நான் நினைக்கவே இல்லை.

லெந்து தொடங்குகிற சாம்பல் புதன் தாண்டி ஒரு வாரம் இருக்கும். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. அன்று இன்டர்வெல்லில் நான் சுவரேறிப் பார்த்தபோது பள்ளம் பச்சையாக ஓடியது. அடர்ந்த பாட்டில் கிரீன். சாயங்காலம் அப்பா சோற்றைப் பிசைந்தார். நகக்கண்ணில் நீலம்.

ஒருவேளை நாளைய லாட்டை முன்கூட்டியே நிறுத்து வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் பள்ளத்தில் கறுப்பு ஓடியது. அப்பாவின் நகத்தில் மெரூன். மூன்றாம் நாள் பட்டறை தண்ணீரே விடவில்லை. பள்ளம் காய்ந்து, ஓரத்தில் உப்புப் பூத்துக் கிடந்தது. அப்பாவின் நகத்தில் மறுபடியும் நீலம், அதுவும் நகத்தைச் சுற்றி வட்டமாக, அழகாக.

"இன்னிக்கு என்ன கலருங்கப்பா?"

"நேவி, கண்ணு" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். நேவியில் இத்தனை கறுப்பு கலக்க வேண்டும் என்கிற பாடம் எதுவும் அன்று வரவில்லை.

பட்டறையே ஓடாத நாளில் நேவி எங்கிருந்து வரும்? வேலைக்குப் போகாத ஒரு மனிதர் வேலைக்குப் போன மாதிரி கையில் சாயம் பூசிக்கொண்டு வருகிறார். ஏன்? சந்தேகம் எனக்குப் பழக்கம்தான், ஆனால் அதுவரை அப்பாமேல் வந்ததில்லை. அவர் சட்டையை மோந்து பார்த்தேன். பட்டறையின் புளித்த காடி வாசம் இல்லை. சேறும் வெயிலும் கலந்த வாசம். டிபன் கேரியரின் கீழ்த்தட்டில் ஒரு கருவேல முள் ஒட்டியிருந்தது. சாயப்பட்டறைக்குள் கருவேல மரம் ஏது?

வீட்டில் நான் மட்டும் மோப்பம் பிடிக்கிறவள் இல்லை. அம்மா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தார். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பீஸைப் புரட்டி, ஓட்டை இருக்கிற இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுகிற கை அது. அந்தக் கண்ணுக்கு முன்னால் அப்பா முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார்.

பக்கத்து வீட்டு டெய்லர் அக்கா ஒரு நாள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ஏனுங்க அக்கா, அண்ணனுக்கு இன்னிக்கு லீவுங்களா? பத்து மணி இருக்கும், வெள்ளகோவில் ரோட்டுல வண்டில போனாரு. நான் கம்பெனி வேன்ல இருந்து பாத்தனுங்க."

"ஆமாங்க, ஒரு வேலையாப் போனாரு" என்றார் அம்மா. உள்ளே வந்து அரிசியைக் களைந்தார். களைந்த அரிசியையே மறுபடி களைந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் அப்பாவின் கைக்குட்டையைத் துவைக்க எடுத்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். மடிப்புக்குள் ஒரு சிட்டிகை சிவப்புத் தூள் இருந்தது. எங்கள் வீட்டில் பொட்டு வைக்கும் வழக்கமே கிடையாது. அம்மாவின் முகம் போன போக்கிலேயே அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரிந்தது. குங்குமம். யாரோ ஒரு பொம்பளையின் நெற்றியில் இருந்து வந்த குங்குமம்.

"தெரிஞ்சு போச்சு" என்றார் அம்மா. கைக்குட்டையை மடித்துத் தன் பைபிளுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

அவர் வெளியே போனதும் நான் அந்தத் தூளில் கொஞ்சம் எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டேன். குங்குமம் என்றால் அடியில் போய் உட்காரும். இது நூல் நூலாகப் பிரிந்து இறங்கி, தண்ணீர் முழுவதும் சிவந்துவிட்டது. மெரூன். தூண்டில் டப்பாவையும் திறந்து பார்த்தேன். முட்களுக்கு நடுவில் கேமரா ஃபிலிம் ரோல் வருகிற கறுப்பு டப்பாக்கள் மூன்று இருந்தன. ஒன்றில் நீலம், ஒன்றில் மெரூன், ஒன்றில் கறுப்பு. அந்த டப்பாக்களை இப்போதுள்ள பிள்ளைகளுக்குக் காட்டினால் என்னவென்றே தெரியாது. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். முழு உண்மையும் தெரிந்த பிறகு சொல்லுவோம் என்று இருந்தேன். அரைகுறைத் துப்பை வைத்துக்கொண்டு பேசினால் கேவலம் என்று ஒரு திமிர்.

சனிக்கிழமை நமக்கு லீவு, பட்டறைக்கு இல்லை. அப்பா கிளம்பிய பிறகு ஒரு காலி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சைக்கிளில் பட்டறைக்குப் போனேன். கேட்டில் பாய்லர்க்காரர் பீடி குடித்துக்கொண்டு நின்றார். தெற்கத்திக்காரர், அப்பாவுக்கு நல்ல சிநேகிதர்.

"அப்பா டிபனை மறந்துட்டுப் போயிட்டாருங்க" என்றேன்.

அவர் என்னையும் டிபன் பாக்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒங்கப்பா வந்து பத்து நாளாச்சேம்மா. வீட்டுல சொல்லலியாக்கும்?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் கேட்டுக்கு உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். பட்டறைத் தண்ணீர் பற்றி யாரோ மனு கொடுத்திருக்கிறார்கள். அதிகாரிகள் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போனார்கள். மனுவோடு ஒரு பட்டியல் இருந்தது.

"தேதி போட்டு, இன்ன தேதிக்கு இன்ன கலருன்னு எழுதியிருக்கு பாத்துக்க. சும்மா செவப்பு பச்சைன்னு இல்ல. வைனு, டீலுன்னு நாங்க உள்ளார பேசுத பேரு. வெளியாளுக்கு இது எப்படித் தெரியும்? கலரு நிறுத்துப் போடுதது ஒங்கப்பா ஒருத்தருதான். மொதலாளி பட்டியலத் தூக்கி அவரு முன்னால போட்டாரு. நீதான காட்டிக் குடுத்தன்னு கேட்டாரு. ஒங்கப்பா வாயே தொறக்கல. அன்னைக்கே கணக்க முடிச்சு அனுப்பிட்டாரு."

காட்டிக் கொடுத்தவர் என்று தெரிந்த ஆளை வேறு எந்தப் பட்டறையும் எடுக்காது என்றும் சொன்னார். "நீ ஒண்ணும் கவலப்படாத. அப்பாவ நான் விசாரிச்சேன்னு சொல்லு" என்றார்.

நான் சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே வீடு வரை வந்தேன். அந்தப் பட்டியலை எழுதியது நான். நுணலும் தன் வாயால் கெடும் என்று தமிழம்மா நடத்தியபோது சிரித்தோமே. இங்கே கத்தியது ஒரு வாய், கெட்டது இன்னொருவர்.

சார்ட் அறிவியல் டீச்சரிடம்தான் இருந்தது, மனு கொடுத்ததும் அவர்தான். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று இப்போது புரிகிறது. குழந்தைக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று நல்லெண்ணத்தில் என் பெயரை எடுத்துவிட்டுத்தான் மனுவோடு வைத்திருக்கிறார். பெயர் இருந்திருந்தால் ஏழாம் வகுப்புப் பெண் ஏதோ எழுதியிருக்கிறாள் என்று போயிருக்கும். பெயர் இல்லாததால் பழி நேராக அப்பா மேல் போய் விழுந்தது. அன்று எனக்கு அவர்மேல் வந்த கோபம் இருக்கிறதே, பரீட்சை முடியும்வரை அவர் முகத்தைப் பார்த்து ஒரு பதில்கூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு என் சந்தேகம் வேறு திசையில் திரும்பியது. சேற்று வாசத்தையும் முள்ளையும் வைத்து, அப்பா வெள்ளகோவில் குளத்துக்குத்தான் போகிறார் என்பது தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரியுமா? நான்தான் என்று அவருக்குத் தெரியுமா? ஒவ்வொரு பருக்கைக்கும் அவர் முகத்தைப் பார்த்தேன். தலையைத் தடவினால் ஏன் தடவுகிறார் என்று தோன்றியது. தடவாவிட்டால் ஏன் தடவவில்லை என்று தோன்றியது. ஒரு நாள் ஜெபத்தில், "தெரிந்தும் தெரியாமலும் நாங்கள் செய்த பிழைகளை மன்னியும்" என்றார். தினமும் சொல்கிற வரிதான். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் கண் மூடித்தான் இருந்தது.

வீடு ஊமையாகிவிட்டது. அம்மா அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டு என் மூலமாகப் பேசினார். "சோறு போட்டாச்சுன்னு சொல்லு கண்ணு." "போதும்னு சொல்லு கண்ணு." நடுவில் நான். ஒரு வார்த்தை சொன்னால் அம்மாவின் சந்தேகம் தீர்ந்துவிடும். சொன்னால் அப்பாவின் சோற்றில் மண் போட்டவள் நான் என்று ஆகிவிடும். பன்னிரண்டு வயதில் அந்தத் தராசைப் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் நின்றேன் தெரியுமா. ஒரு பக்கமும் வைக்கத் தைரியம் வரவில்லை. நான் கோழை. இதைவிட நல்ல வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்தோலை ஞாயிறு. ஆராதனை முடிந்து, குருத்தோலையைச் சிலுவையாக மடித்துக்கொண்டு எல்லோரும் கலைந்தார்கள். அம்மா எழுந்திருக்கவில்லை. போதகர் வெள்ளை அங்கியைக் கழற்றிக்கொண்டு வந்ததும் பைபிளைத் திறந்து கைக்குட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"ஐயா, இவரைக் கேளுங்க. நித்தமும் வேலைக்குப் போறன்னு டிபன் கட்டிட்டுப் போறாரு. வெள்ளகோவில்ல எவ ஊட்டுக்குப் போறாருன்னு கேளுங்க. இந்தக் குங்குமம் யாருதுன்னு கேளுங்க. அடுத்த வாரம் நற்கருணை வாங்கறவங்களுக்கு இவரைத் தட்டுப் புடிக்க உடப் போறீங்களா?"

அப்பா அந்தக் கைக்குட்டையைப் பார்த்தார். ஒரு நிமிடம் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை நாளில் அவர் சிரித்ததே அப்போதுதான்.

"அது சாயம், அம்மிணி. கையில பூசிக்கறது" என்றார். பிறகு போதகரைப் பார்த்து, "வேலை போயிருச்சுங்கய்யா. ஊட்டுல சொல்லத் தெம்பு இல்லீங்க. குளத்தங்கரைல போய் உக்காந்துட்டு வாரன். வேலை கெடைச்சதும் சொல்லிக்கலாம்னு இருந்தனுங்க" என்றார்.

அம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். போதகர் கேட்டார்: "ஏன் வேலையை விட்டு நிறுத்தினாங்க?"

நான் இரண்டு பெஞ்சு தள்ளி, ஓலையைக் கிழித்து நார் நாராக்கிக்கொண்டிருந்தேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. அதைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை. சாதாரணமாகத் திரும்புகிற அளவுக்குக்கூடத் திரும்பவில்லை.

"பள்ளத்துல கலர்த் தண்ணி உடறதை மனுவாக் குடுத்துட்டாங்க. அதுல இருந்த பட்டியலு நான் எழுதிக் குடுத்ததுங்கய்யா" என்றார். "மீனெல்லாம் சாகுது, பாத்துட்டு இருக்க முடீலீங்க."

பொய். பலிபீடத்துக்கு நேராக நின்று சொன்ன பொய். மொபெட்டில் போகும்போது கடைக்காரர் கூடுதலாக ஒரு மிட்டாய் கொடுத்துவிட்டதைக் கண்டுபிடித்தால் வண்டியைத் திருப்புகிற மனிதர் அவர். அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது, அவருக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். அதற்குப் பிறகு சொல்வதற்கு எனக்கு எல்லா வசதியும் இருந்தது. கோயில், போதகர், அம்மா, பகல் வெளிச்சம். நான் ஓலையைக் கிழித்துக்கொண்டே இருந்தேன்.

வாசலில் அம்மா அப்பாவின் கையைப் பிடித்து, அந்த நகங்களைத் தன் முந்தானையால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. "நெம்ப நல்லாப் பூசியிருக்கீங்க, போங்க" என்று சொல்லிவிட்டு அழுதார்.

அந்தப் பொய் ஊருக்குள் வந்து சேர அரை நாள்கூட ஆகவில்லை. இப்போது அவர் வாயாலேயே ஒத்துக்கொண்டதாகவும் ஆகிவிட்டது. பட்டறையை நம்பிப் பிழைத்தவர்கள் நம் ஊரில் பாதிப் பேர். கல்யாண வீட்டில் அப்பா பந்தியில் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். கோயிலில் மணி அடிக்க வேறு ஆள் போட்டார்கள். "யூதாசு" என்று சுவரில் கரியால் எழுதியிருந்ததை அவரே சுண்ணாம்பு கரைத்து அடித்தார். உங்களில் சிலர் என்னை "காட்டிக் குடுத்தவர் மகள்" என்று கூப்பிட்டீர்கள். வருத்தமில்லை. அதில் பாதி தப்பு என்று சொல்லத்தான் இத்தனை வருடம் எடுத்துக்கொண்டேன்.

பல்லடம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் வேலை கிடைத்தது. அங்கேயே பதினேழு வருடம் தீவனம் கலந்தார். நகக்கண்ணில் சாயம் போய்த் தவிட்டுத் தூள் வந்தது. அவர் ஒருநாளும் குறைபட்டுக்கொண்டதில்லை. நான் காலேஜ் போனேன், கல்யாணம் செய்துகொண்டேன். புருஷன் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் சட்டையை மோந்து பார்க்கிற பெண்டாட்டியாக ஆனேன். என்னை அன்போடு பார்க்கிறவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்றே எனக்கு இன்றுவரை தோன்றுகிறது. இந்த வியாதி எங்கே ஒட்டியது என்று உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும்.

அப்பா போன வருடம் இறந்துபோனார். அதற்கு முந்தின கோடையில் அவரை என் காரில் வெள்ளகோவில் குளத்துக்குக் கூட்டிப் போனேன். மாவைத் தூண்டில் முள்ளில் நான்தான் குத்திக் கொடுத்தேன். வெயில் தாழ்ந்து, கரையில் ஆடுகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. எதை நினைத்துச் சொன்னேனோ தெரியவில்லை, சொல்லிவிட்டேன்.

"அப்பா, அந்தப் பட்டியலை எழுதுனது நாந்தான்."

"தெரியும் கண்ணு" என்றார், தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எப்பிடிங்கப்பா?"

"முதலாளி முன்னால போட்டாரல்ல. படிச்சன். நான் உனக்குச் சொன்னதெல்லாம் வரிசையா இருந்துச்சு." அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. "ஒண்ணே ஒண்ணு தப்பு. ஒரு நாளைக்குப் பர்ப்பிள்னு எழுதியிருந்தே. அந்த வருசம் நாங்க பர்ப்பிள் லாட்டே போடலை. அன்னிக்கு மெஷின் எல்லாத்தையும் கழுவி உட்டோம், மிச்சமிருந்த கலரெல்லாம் ஒண்ணாச் சேந்து வந்திருக்கும். அன்னிக்கு எனக்குக் காய்ச்சலு, சாப்பிடாமப் படுத்துட்டேன். நீ எங்கிட்டக் கேக்காம பள்ளத்தைப் பாத்து நீயா எழுதிட்டே."

எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. கலர் நிறுத்துப் போடுகிறவன் அந்தத் தப்பைச் செய்யவே முடியாது. பட்டியல் உள்ளே இருக்கிற ஆள் எழுதியதில்லை என்பதற்கு அந்த ஒரு வரி போதும். முதலாளியின் மேஜையில், அவர் கண்ணுக்கு முன்னாலேயே அது கிடந்திருக்கிறது.

"அதைக் காட்டியிருந்தா உங்களை உட்டிருப்பாங்கல்லங்கப்பா?"

"உட்டிருப்பாங்க."

"அப்பறம் ஏன் காட்டலை?"

அப்பா அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"காட்டியிருந்தா, அப்ப யாரு எழுதுனாங்கன்னு கேட்டிருப்பாங்கல்ல கண்ணு."